தெபானோவின் பக்கத்துப் பாய்

என் மனைவியின் அண்ணன் தெபானோ, பிடித்த சுறாவைப் படகு விளிம்பில் இழுத்துப் போட்டுக் கட்டையால் மண்டையில் அடிப்பதைப் பார்த்தவர்கள் அவனிடம் வம்பு வைத்துக்கொள்ள மாட்டார்கள். அதே ஆள் சனிக்கிழமை மத்தியானம் கபிரியின் கொப்பரைக் கொட்டகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பொம்மைப் படத்தில் ஒரு முள்ளெலி வழிதவறிப் போனதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டு கண் கலங்குவான். நடந்ததைச் சொல்வதானால் அந்தக் கொட்டகையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் பிஜியில் பிறந்த தமிழன். கூட்டுறவுச் சங்கத்து இன்ஜினைப் பழுதுபார்க்க இந்த அபையாங் தீவுக்கு வந்தவன், இங்கேயே பெண் எடுத்து இங்கேயே நரைத்துவிட்டேன். நான் வந்த சமயத்தில்தான் கபிரி ஜெர்மன் சரக்குக் கப்பல் வேலையை விட்டு ஊர் திரும்பினான். ஒரு டிவி, ஒரு வீடியோ பெட்டி, சின்னதாக ஒரு ஜெனரேட்டர், அட்டைப்பெட்டி நிறைய கேசட்டுகள். இவைதான் அவன் கொண்டுவந்த சொத்து. கொப்பரைக் கொட்டகையைச் சுற்றித் தாழை ஓலைப் பாய்களைத் தொங்கவிட்டுப் பட்டப்பகலிலேயே இருட்டாக்கினான். உள்ளே போகச் சில்லறை கொடுக்கலாம். இல்லாதவர்கள் ஒரு மீனோ இரண்டு தேங்காயோ கொடுத்தால் போதும்.

பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் சண்டைப் படங்கள். முதலில் கூட்டம் நெரிந்தது. பிறகு ஒரு சிக்கல் வந்தது. சண்டை போட்டுக்கொண்டிருக்கிறவன் திடீரென்று ஒரு பெண்ணைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பான். எங்கள் ஊரில் அண்ணனும் தங்கையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து அப்படி ஒன்றைப் பார்ப்பதைவிடக் கடலில் விழுவது மேல். ஊரே ஒன்றுக்குள் ஒன்று சொந்தம். எந்தப் பெண்ணும் அங்கே யாராவது ஒருவனுக்குத் தங்கை முறையாகத்தான் இருப்பாள். கபிரி தோள் துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து திரையை மறைப்பான். அதற்குள் ஆண்கள் கூரையையும் பெண்கள் பாயையும் பார்க்க ஆரம்பித்திருப்பார்கள். ஒருமுறை என் மனைவியும் தெபானோவும் ஒரே நொடியில் எழுந்து எதிரெதிர் வாசல் வழியாக வெளியே ஓடினார்கள்.

"அடியில கெடக்கே, அந்தக் கொழந்தைங்க படம், அதப் போடு கபிரி" என்று ஒரு பெரியவர்தான் முதலில் சொன்னார். "அதுல யாரும் யாரையும் நக்கிக்கிட்டு நிக்கமாட்டாங்க."

பொம்மைப் படங்கள் மூன்று இருந்தன. கப்பல் சமையல்காரன் ஒருவன் தன் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று கபிரியிடம் தள்ளிவிட்டவை. எல்லாம் ஜெர்மன் பேச்சு. ஊருக்கு ஒரு வார்த்தை புரியாது, புரியவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மாமியார், மருமகன், அண்ணன், தங்கை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். முன்னால் இருந்த பிள்ளைகளைப் பெரியவர்கள் மெல்ல மெல்லப் பின்னுக்குத் தள்ளினார்கள்.

"பல்லு விழுந்த புள்ளைங்க எல்லாம் பின்னாடி எக்கி எக்கிப் பாக்குது. நீங்க ரெண்டு திமிங்கிலமும் முன்னாடி கெடந்து மறைக்கிறீங்க" என்று தெபானோவின் மனைவி தெரேசியா திட்டுவாள்.

இரண்டாவது திமிங்கிலம் இயோதேபா. தெபானோவோடு ஒரே படகில் மீனுக்குப் போகிறவன். உண்மையில் அவன் ஒல்லியான ஆள். எதையும் எளிதில் நம்பாத ஆள். படம் ஓடும்போது தெபானோவின் விலாவில் முழங்கையால் இடித்துக்கொண்டே இருப்பான். "அதெப்படி?" என்று ஓர் இடி. "அப்புறம்?" என்று இன்னோர் இடி. தெபானோவுக்கு விலாவில் கன்றிப் போயிருக்கும்.

மூன்றில் ஊர் உயிரை விட்டது முள்ளெலிப் படத்துக்காகத்தான். முள்ளெலியை இங்கே யார் கண்டார்கள்? கால் முளைத்த முள்ளுப் பேத்தை மீன் என்று முடிவு செய்து பேத்தை என்றே பேர் வைத்துவிட்டார்கள். அதன் கூட்டாளி ஒரு நொண்டிக் காக்கை. காக்கையும் இங்கே கிடையாது, அதனால் எங்கள் கடற்பறவையின் பேரில் அது கறுப்பு ஆலா. இரண்டும் சேர்ந்து, குளிர்காலம் வருவதற்குள் எங்கேயோ போய்ச் சேர வேண்டும். தரையெல்லாம் வெள்ளையாக ஏதோ கொட்டிக் கிடக்கும். மணல் என்றார்கள் சிலர், உப்பு என்றார்கள் சிலர்.

கபிரி பக்கத்தில் நின்று அர்த்தம் சொல்வான். பேத்தை நீளமாக ஏதோ பேசி முடிக்கும். "பசிக்குதுங்குது" என்பான்.

"அம்மாம் பெரிய பேச்சுக்கு இவ்ளோதானா?" என்பான் இயோதேபா.

"ஜெர்மன்காரங்க அப்படித்தான். ஒரு ரொட்டி கேக்கறதுன்னாலும் சுத்தி வளச்சுத்தான் கேப்பாங்க."

உறைந்த ஏரி ஒன்று வரும். அதைத் தாண்டும்போது பனிக்கட்டி உடைந்து ஆலா தண்ணீருக்குள் விழும். பேத்தை அதைக் கஷ்டப்பட்டு இழுத்து வெளியே போடும். ஆலா அசையாமல் கிடக்கும். அந்த இடத்தில் படம் நின்றுவிடும். உப்புக் காற்றில் ஊறிப்போன வீடியோ பெட்டி முதல் தடவையே அங்கே நாடாவைத் தின்றுவிட்டது. கபிரி மிச்சத்தை வெட்டி எறிந்து ஒட்டிவைத்திருந்தான். முடிவைப் பார்த்தவர் தீவில் யாரும் இல்லை. கபிரி பார்த்ததாகச் சொல்வான். ஆனால் கேட்கும்போதெல்லாம் வேறு வேறு முடிவு சொல்வான்.

அந்த வருஷம் மேற்குக் காற்று ஓய்ந்த பிறகு ஒரு காலையில் தெபானோவும் இயோதேபாவும் சூரை மீனுக்குப் போனார்கள். பாறைத் திட்டைத் தாண்டி வெகுதூரம் போனபின் இன்ஜின் நின்றது. அந்த இன்ஜினை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், நல்ல இன்ஜின்தான். கடல் தண்ணீர் உள்ளே போய்விட்டால் எந்த இன்ஜினும் ஒன்றுதான். நீரோட்டம் மேற்கே இழுத்தது. சாயங்காலம் தென்னை மரங்களின் தலை மறைந்தது. விமானம் ஒன்று தேடிவிட்டுத் திரும்பிவிட்டது. ஊர் மண்டபத்தில் பிரார்த்தனை நடந்தது, பிறகு அழுகை, பிறகு அதுவும் நின்றது.

மூன்று மாதத்துக்கு மேல் ஆன பிறகு கொரியாக்காரர்களின் மீன்பிடிக் கப்பல் ஒன்று தெபானோவை மட்டும் தூக்கியது.

படகில் நடந்ததை அவன் என்னிடம் சொல்ல வெகுகாலம் பிடித்தது. துண்டு துண்டாகச் சொன்னான். மழைத் தண்ணீரைப் பிடித்துக் குடித்தார்கள். படகு நிழலுக்கு வரும் மீனையும், அசந்து உட்காரும் பறவையையும் பிடித்துப் பச்சையாகத் தின்றார்கள். பகலில் வெயிலுக்குப் பயந்து கித்தான் துணிக்கு அடியில் நெருங்கிப் படுத்துக்கொள்வார்கள். முதலில் மனைவி பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். அது தாங்க முடியவில்லை. சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். அது அதைவிடக் கஷ்டம். கடைசியில் பொம்மைப் படங்களில் வந்து நின்றார்கள்.

"ஒரு படத்த ஒருத்தன் சொல்லணும், ஒருத்தன் கேக்கணும்" என்றான் தெபானோ. "அவன் சொன்னா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருவான் மச்சான். அதனால நான்தான் சொன்னேன். பேத்தை எந்தக் காலை மொதல்ல வெச்சுதுன்னு வரைக்கும் சொல்லுவேன். விலாவுல இடிச்சுக்கிட்டே கெடப்பான்."

இயோதேபாவுக்கு முதலில் வயிறு கெட்டது. பிறகு எழுந்து உட்காரவும் முடியவில்லை. காற்றே இல்லாத, கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்த ஒரு பகலில், பேத்தைப் படத்தை மறுபடியும் சொல்லச் சொன்னான். தெபானோ ஏரி வரைக்கும் வந்து நிறுத்தினான்.

"அப்புறம்?" என்றான் இயோதேபா. இடிக்கத் தெம்பில்லாமல் முழங்கையைச் சும்மா சாய்த்துவைத்தான்.

"அப்புறம் பேத்தை அதும்மேல படுத்துக்குச்சு. உடம்புச் சூட்டுல ஆலாவுக்கு உசுரு வந்திருச்சு."

"பொய்."

"கபிரி சொன்னான்."

"கபிரி பெரிய பொய்யன். பொம்மைப் படத்துலகூடச் செத்தது எந்திரிக்காது. நெஜமா என்ன ஆச்சுன்னு சொல்லு."

தெபானோ வேறு முடிவு ஒன்று சொன்னான். அதற்கும் பொய் என்றான் இயோதேபா. இன்னொன்று சொன்னான். அதற்குப் பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றான். ஏதோ தெபானோ கடைவரை போய்விட்டு வரப்போகிறவன் மாதிரி. அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

தெபானோ நிறுத்தாமல் அடுத்த படத்தைச் சொல்ல ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்த உடம்பு குளிர்ந்தது தெரிந்தும் சொன்னான். அதை முடித்துவிட்டு மூன்றாவதையும் சொன்னான். பிறகு ஜெபம் சொல்லிக் கூட்டாளியைக் கடலில் விட்டான். திரும்பி வந்து கித்தானுக்கு அடியில் படுத்துக் கண்ணை மூடியபோது விலாவில் இடி விழுந்தது.

"மெதுவா இல்ல. நல்லா இருந்தப்ப இடிப்பானே, அப்படி" என்றான் என்னிடம். "அவன் இல்லன்னா நான் பொழச்சு வந்திருக்கமாட்டேன் மச்சான். நான் அசந்து தூங்கப் போனா இடிப்பான். அப்புறம் அப்புறம்னு கேட்டுக்கிட்டே இருந்தான். நான் சொல்லிக்கிட்டே வந்தேன்."

அவன் ஊருக்கு வந்து சேர்ந்த அன்று தீவே கரையில் நின்றது. எலும்பும் தோலுமாக இறங்கினான். பெண்கள் ஓவென்று அழுதார்கள். எல்லோரும் விலக, இயோதேபாவின் மனைவி தெயாரியா முன்னால் வந்து நின்றாள். அவள் அழவில்லை.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

தெபானோ மணலைப் பார்த்தபடி சொன்னான்: "தூக்கத்துலயே போயிட்டான். கடைசியா உன் பேரத்தான் சொன்னான் தெயாரியா. புள்ளைங்கள நல்லாப் பாத்துக்கச் சொன்னான்."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் பின்னால் போனாள்.

உடம்பு தேறியதும் தெபானோ மறுபடி கபிரியின் கொட்டகைக்கு வர ஆரம்பித்தான். ஆனால் முன்வரிசைக்குப் போகவில்லை. ஓரத்துத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். தன் இடப்பக்கம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பாயை விட்டுவைத்தான். எல்லோரும் சிரிக்கும் இடத்தில் அவன் சிரிப்பதில்லை. ஆனால் சில சமயம், படத்தில் ஒன்றுமே நடக்காதபோது, லேசாக வளைந்து நெளிவான். விலாவைத் தேய்த்துக்கொள்வான். பிறகு குனிந்து பக்கத்துக் காலியிடத்திடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வான்.

படம் முடிந்து சுற்றிலும் தொங்கும் பாய்களைத் தூக்கிக் கட்டும்போது, அந்தக் காலியிடத்தில் பாய் ஈரமாக இருக்கும். முதலில் கூரை ஒழுகுகிறது என்றார்கள். கபிரி கூரைக்குப் புது ஓலை வேய்ந்தான். மழை பெய்யாத நாளிலும் அந்த இடம் நனைந்திருந்தது. யாரோ ஒரு பெண் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் உட்காரவில்லை. ஊர் அதைப் பற்றி அதிகம் பேசவும் இல்லை. இறந்தவர்கள் வருவது இங்கே யாருக்கும் அதிசயம் அல்ல. ஏன் வருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

எனக்கு இந்த விஷயத்தில் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. ஒருநாள் தாமதமாக உள்ளே நுழைந்தேன். வெளி வெளிச்சத்திலிருந்து வந்ததால் கண் தெரியவில்லை. தடவிக்கொண்டே போய்த் தூண் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். திரையில் பேத்தை ஏரிக்கரைக்கு வந்திருந்தது. என் விலாவில் யாரோ முழங்கையால் இடித்தார்கள். நகரச் சொல்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பினேன். வலப்பக்கம் தெபானோ இருந்தான். அவன் இரண்டு கைகளும் மடியில்தான் இருந்தன. இடி விழுந்தது இடப்பக்கம். அந்தப் பக்கம் தூண்வரைக்கும் யாரும் இல்லை.

"எந்திரி மச்சான்" என்றான் தெபானோ, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவன் எடம்."

எழுந்து வெளியே வந்துவிட்டேன். நல்ல வெயில். பிள்ளைகள் கரையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் குளிராக இருந்தது.

இந்தப் பேச்சு தெயாரியாவின் காதுக்குப் போகாமல் இருக்குமா? அடுத்த சனிக்கிழமை அவள் கொட்டகைக்கு வந்தாள். புருஷன் போன பிறகு அன்றுதான் முதல் தடவை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நேராகத் தூண் பக்கம் போய் நின்றாள். கபிரி ஜெனரேட்டரை நிறுத்திவிட்டான்.

"வராரா?" என்று கேட்டாள்.

தெபானோ அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களத்தான் கேக்கறேன். அவரு இங்க வராரா?"

"வரான்."

"நான் வீட்டுல தெனமும் அவருக்குச் சோறு எடுத்து வெக்கிறேன். பாயை விரிச்சு வெக்கிறேன். மூணு புள்ளைங்க இருக்கு. ஒரு நாளு வரல. பொம்மைப் படம் பாக்க மட்டும் வராராக்கும்? அப்படி என்ன உங்ககிட்ட இருக்கு, எங்கிட்ட இல்லாதது?"

தெரேசியா எழுந்து அவளைப் பிடிக்கப் போனாள். தெயாரியா கையைத் தட்டிவிட்டாள்.

"இன்னொண்ணும் கேக்கறேன். அன்னிக்குக் கரையில சொன்னீங்களே, எம் பேரச் சொன்னாருன்னு. அவரு ஆயுசுக்கும் என்னப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. 'ஏய், இங்க பாரு'ன்னுதான் கூப்பிடுவாரு. சாகறப்ப மட்டும் எம் பேரு ஞாபகம் வந்துச்சா? அன்னிக்கே எனக்குத் தெரியும். உங்க கோலத்தப் பாத்து வாய மூடிக்கிட்டு வந்தேன். இப்ப நெஜத்தச் சொல்லுங்க. என்ன சொன்னாரு?"

தெபானோ எழுந்து நின்றான்.

"பேத்தைப் படம் எப்படி முடியுதுன்னு கேட்டான்" என்றான். "நான் சொன்னேன், நம்பல. நெஜமா பாத்துட்டு வந்து சொல்லுன்னான். அவ்ளோதான். உன்னப் பத்தி மொத வாரம் நெறையப் பேசினான். தாங்க முடியல, நிறுத்திட்டோம். கடைசில இதத்தான் கேட்டான். உங்கிட்ட இத எப்படி வந்து சொல்லுவேன்?"

தெயாரியா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தோம். அவள் உதடு கோணியது. "அவருதான்" என்றாள். "சந்தேகமே இல்ல. அவரேதான்." பிறகு தரையில் உட்கார்ந்து, கரையில் அழாத அழுகையை அங்கே அழுதாள். அழுதுமுடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, முடிவு என்னதான்?" என்றாள்.

யாருக்கும் தெரியவில்லை. கபிரி வாயைத் திறந்தான். ஊர் முழுக்க அவனை முறைத்தது, மூடிக்கொண்டான்.

தெயாரியாவின் தம்பி அப்போது ஜெர்மன் கப்பலில் வேலையில் இருந்தான். தீவு ரேடியோவில் தலைநகருக்குப் பேசி, அங்கிருந்து கம்பெனிக்குச் சொல்லி, அவனுக்குத் தகவல் அனுப்பினாள். அவசரம் என்று பயந்து கேட்டவனிடம், முட்கள் உள்ள ஒரு பிராணியும் நொண்டிப் பறவையும் வருகிற குழந்தைப் படம் வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அக்காவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்து அவன் அழுதானாம். ஆனாலும் இறங்கிய துறைமுகத்தில் எல்லாம் தேடியிருக்கிறான். பெயர் தெரியாது, கடைக்காரர்களிடம் கையை விரித்துப் பறவை மாதிரி நொண்டிக் காட்டியிருக்கிறான்.

ஒப்பந்தம் முடிந்து அவன் ஊர் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை தெயாரியா சனிக்கிழமை தவறாமல் கொட்டகைக்கு வந்தாள். காலியிடத்துக்கு அந்தப் பக்கம், தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கு ஓர் இடிகூட விழவில்லை. படம் ஓடும்போது அந்தக் காலியிடத்திடம் அவளும் பேசுவாள். மூத்தவனுக்குப் பல் விழுந்தது, பன்றி குட்டி போட்டது, கூரை ஓலை மாற்றியது. கேட்டானா இல்லையா, யாருக்குத் தெரியும். "உனக்கு அவன்கிட்ட சொல்ல வேண்டியது மிச்சம் இருக்கு" என்று தெபானோ ஒருமுறை சமாதானமாகச் சொன்னான். "அவனுக்குக் கேக்க வேண்டியது மிச்சம் இருக்கு. அவ்ளோதான் வித்தியாசம்."

தம்பி கொண்டுவந்தது அதே படம்தான். பழைய கேசட், அட்டை கிழிந்திருந்தது. கபிரி வீடியோ பெட்டியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, என்னைக் கூப்பிட்டு மோட்டாரைப் பார்க்கச் சொன்னான். ஊரில் நடக்க முடிந்த அத்தனை பேரும் வந்தார்கள். இடமில்லாதவர்கள் தொங்கும் பாய்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார்கள். தூண் பக்கத்து இடத்தில் மட்டும் யாரும் கால் வைக்கவில்லை.

ஏரி வந்தது. பனிக்கட்டி உடைந்தது. ஆலா விழுந்தது. வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டிப் படம் ஓடியபோது கூட்டம் ஒன்றாக மூச்சை இழுத்தது. கபிரி அர்த்தம் சொல்லவில்லை. பேத்தை ஆலாவைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு முட்களைச் சாய்த்து வயிற்றைப் பறவையின் மேல் வைத்துப் படுத்துக்கொண்டது. வெள்ளை கொட்டிக்கொண்டே இருந்தது. இரண்டும் மூடிப்போயின. வெளிச்சம் வந்தது. வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கறுப்பு அலகு வெளியே நீட்டியது.

யாரும் கைதட்டவில்லை. தெபானோ இடப்பக்கம் திரும்பினான்.

"பாத்தியா?" என்றான். எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னான். "மொதல்ல நான் சொன்னதேதான். கபிரி பேரச் சொல்லி என் வாய்க்கு வந்தத உளறினேன், அதுவே சரியாப் போச்சு. நீதான் நம்பல."

கொஞ்ச நேரம் காத்திருந்தான். தெயாரியாவும் காத்திருந்தாள். பாய்களைத் தூக்கிக் கட்டினார்கள். அந்த இடம் உலர்ந்து கிடந்தது. தெயாரியா உள்ளங்கையால் அதைத் தடவிப் பார்த்தாள். "ஒரு வார்த்த சொல்லாமலே போயிட்டாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனாள். சில வருஷங்களில் பிள்ளைகளின் படிப்புக்காகத் தலைநகர்ப் பக்கம் குடிபோனாள். நன்றாக இருக்கிறாள். வரும்போதெல்லாம் தெரேசியாவுக்குத் துணி வாங்கி வருவாள்.

தெபானோவுக்கு அன்றோடு விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நன்றாகச் சாப்பிட்டான், தூங்கினான். என் மனைவி கோயிலில் நன்றி சொல்லி மெழுகுவத்தி ஏற்றினாள். தூண் பக்கத்து இடத்தில் பிள்ளைகள் உட்கார ஆரம்பித்தார்கள்.

ஆனால் அவன் முகத்தில் ஏதோ ஒன்று குறைந்துபோயிருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது இடப்பக்கம் திரும்பிப் பார்ப்பான். விலாவைத் தடவிக்கொண்டே நிற்பான். "வலிக்குதா?" என்று கேட்டால், "வலிக்கல" என்பான், அதுதான் குறை என்பதைப்போல.

தெயாரியாவின் தம்பி அந்த ஒரு படத்தோடு வேறு சில பொம்மைப் படங்களையும் கொண்டுவந்திருந்தான். கபிரி அவற்றில் ஒன்றைப் போட்டான். தூரத்தில் இருக்கும் தாயைத் தேடிப் போகும் ஒரு கரடிக்குட்டியின் கதை. கூட்டம் உருகிக்கொண்டிருந்தது. குட்டி கடைசி மலையில் ஏறியபோது தெபானோ திடீரென்று எழுந்தான். குனிந்து, காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். உடம்பு சரியில்லை போல என்று பின்னாலேயே போனேன். கரையில் கவிழ்த்துப் போட்ட படகின்மேல் உட்கார்ந்திருந்தான்.

"என்ன மச்சான்? முடியப்போவுது, இப்ப எந்திரிச்சு வந்துட்டீங்க?"

"நீ பாத்துட்டியா?"

"இல்ல. உங்க பின்னாடி வந்துட்டேன்."

"நல்லது. பாத்தாலும் எங்கிட்ட சொல்லிராத."

"ஏன்?"

அவன் படகின்மேல் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டான். பிறகு சொன்னான்: "முடிவு தெரிஞ்சா அவன் எதுக்கு வரப்போறான்?"

அவன் பக்கத்தில் உட்காரப் போனேன். இடப்பக்கமா வலப்பக்கமா என்று தயங்கினேன். அவன் கவனித்துவிட்டு, வலப்பக்கத்தைத் தட்டிக் காட்டினான்.

அன்றிலிருந்து தெபானோ ஒரு படத்தையும் கடைசிவரை பார்த்ததில்லை. ஊர் அதைப் பழகிக்கொண்டது. முடிவு நெருங்கும்போது கபிரி செருமுவான், தெபானோ எழுந்து போய்விடுவான். அவன் முன்னால் யாரும் முடிவைப் பற்றிப் பேசக்கூடாது. தெரேசியாவுக்குத்தான் தாங்கவில்லை. "பேயைத் தொரத்த ஊருக்கு ஊரு அலையுது ஜனம். இந்த மனுஷன் வா வான்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்காரு" என்று பாதிரியாரை வரவழைத்தாள். பாதிரியார் வந்து ஜெபித்து, வீட்டையும் தெபானோவையும் மந்திரித்துவிட்டுப் போனார். தெபானோ மரியாதையாகத் தலையைக் குனிந்து நின்றான். அடுத்த சனிக்கிழமை வழக்கம்போலப் பாதியில் எழுந்தான்.

"வந்தானா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டு தடவ" என்றான். அவன் சட்டையின் இடப்பக்கம் நனைந்திருந்ததை நான் பார்த்தது அந்த இரண்டில் ஒன்றா என்று எனக்குத் தெரியாது. அவன் மீன் பிடிக்கிறவன். சட்டை நனைய நூறு காரணம் இருக்கும்.

கொட்டகை இப்போது இல்லை. கபிரி இறந்துவிட்டான். போன் கோபுரம் ஒன்று நட்டார்கள், போன் வந்துவிட்டது. தெபானோவுக்கு எழுபது தாண்டிவிட்டது, பாறைத் திட்டுக்கு அப்பால் கடலுக்குப் போவதில்லை. மகள் கொடுத்த போனில் மத்தியான வேளைகளில் பொம்மைப் படம் பார்க்கிறான். பேரப்பிள்ளைகள் கூட உட்கார்ந்து பார்ப்பார்கள். முடிவுக்குச் சற்று முன்னால் அவன் போனை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு எழுந்துகொள்வான். அவர்களும் பழகிவிட்டார்கள். பார்த்துவிட்டுத் தங்களுக்குள் கிசுகிசுத்துக்கொள்வார்கள், தாத்தாவிடம் சொல்லமாட்டார்கள்.

போன வாரம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பதநீர் கொடுத்தான். இருவரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். எனக்கு மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"மச்சான், இத்தன வருஷம் இத்தன படத்தப் பாதிப் பாதியா விட்டுட்டீங்க. நாளைக்கு அங்க போனா, அவன் எல்லாத்துக்கும் முடிவு கேப்பானே. என்ன சொல்லுவீங்க?"

தெபானோ யோசித்தான். பிறகு பல வருஷமாக நான் கேட்காத அந்தப் பழைய சிரிப்பு, வயதானதால் கொஞ்சம் காற்று கலந்து வந்தது.

"எனக்கே தெரியாதுன்னு சொல்லுவேன். நம்பமாட்டான். பொய்ம்பான். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து சண்ட போடுவோம்" என்றான்.

சொல்லிவிட்டு எழுந்து, சாயங்காலத்துக்குள் சேம்பு மாதிரியான பபாய்க் கிழங்கு பயிரிட்ட குழிக்குத் தழை போட வேண்டும் என்று கூடையை எடுத்துக்கொண்டு நடந்தான்.